ஏடு மாற்றுதலும் இயங்குதளம் மாற்றுதலும்

தமிழ்த்துறைகளில் கணினியின் இயங்குதளம் பற்றிப் பேச்சு எழுவது அபூர்வம். எழுந்தாலும் அது பெரும்பாலும் பணம் பற்றிய பேச்சாகவே முடியும். 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்திக்கொண்டது. அதற்கு அடுத்த விண்டோஸ் 11, ஏறத்தாழ 2018க்கு முற்பட்ட செயலிகளைக் கொண்ட கணினிகளை ஏற்பதில்லை. தருமபுரி, அரூர், பென்னாகரம் என்று எங்கள் மாவட்டத்தில் நான் போய்வரும் கல்லூரிகளில் பார்க்கும் கணினிகள் பலவும் அந்தக் கணக்கில் தேறாதவை. புதியன வாங்க நிதி இல்லை. லினக்ஸுக்கு மாறிவிடுங்கள், ஒரு பிற்பகல் வேலை என்றார்கள் கணினித்துறை நண்பர்கள். சொன்னபடியே ஒரு பிற்பகலில் நிறுவியும் கொடுத்தார்கள். இயங்குதளம் மாறிவிட்டது. அதன்மேல் இயங்க வேண்டிய எங்கள் சொல்லடைவு மாற மறுத்துவிட்டது.

அந்த மறுப்பின் காரணங்களை இலக்கிய வாசகர்கள் முன் வைக்க வேண்டும் என்று தோன்றியது. இது கணினிக்காரர் விவகாரம், நமக்கென்ன என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விண்டோஸின் மேலோ லினக்ஸின் மேலோ பெரிய குற்றம் சொல்வதற்கில்லை. தமிழை எழுத்தாக வைக்காமல் எழுத்தின் உருவமாக மட்டும் கணினிக்குள் வைத்த பழக்கமும், பொதுப்பணத்தில் செய்த தமிழ் மென்பொருள்களின் மூலநிரலை எங்கும் ஒப்படைக்காமல் விட்ட பழக்கமும் சேர்ந்து செய்த கேடு இது. முன்னது அறியாக் காலத்துத் தேவை, மன்னித்துவிடலாம். பின்னதை மன்னிக்க எனக்கு மனமில்லை.

சொல்லடைவின் கதை இது. 2000களின் தொடக்கத்தில் எங்கள் துறை மாணவர்கள் இம்மாவட்டத்தின் வட்டாரச் சொற்களைத் தொகுக்கத் தொடங்கினார்கள். கன்னடமும் தெலுங்கும் தமிழோடு கலந்து புழங்கும் நிலம் இது. ‘அள்ளி’ என்று முடியும் ஊர்ப்பெயர்களே அதற்குச் சாட்சி. கேழ்வரகுக் கொல்லையில், புளியமரத்தடியில், மலையூர்களில் கேட்டு எழுதிவந்த சொற்களும் நடுகற்களிலிருந்து படித்து எழுதிய வாசகங்களும் மருந்துச் செடிகளின் பெயர்களும் ஆயிரக்கணக்கில் சேர்ந்தன. கணினிப் பயன்பாட்டியல் படித்த மாணவர் ஒருவர், தம் இறுதியாண்டுச் செயல்திட்டமாக இவற்றையெல்லாம் இட்டுத் தேடவும் அகரவரிசைப்படுத்தவும் ஒரு மென்பொருள் எழுதித் தந்தார். விசுவல் பேசிக் 6இல் எழுதிய நிரல்; தரவு முழுவதும் மைக்ரோசாப்ட் ஆக்சஸ் கோப்பில்; எழுத்து, அன்று தட்டச்சகங்களில் புழங்கிய ஒரு தனியார் எழுத்துருவில். அந்தக் காலத்துக்கு அது நல்ல வேலை. இருபதாண்டுகளுக்கும் மேலாக உழைத்திருக்கிறது.

விசுவல் பேசிக் 6 மைக்ரோசாப்டின் பிள்ளை. லினக்ஸில் அதற்கு வீடில்லை. காம்பாஸ் என்று லினக்ஸில் ஒரு மொழி இருக்கிறது; பார்க்க விசுவல் பேசிக்கின் தங்கை மாதிரி இருக்கும், ஆனால் அக்காவின் நிரலை அப்படியே ஏற்காது. ஒயின் என்றொரு இடைநிலை மென்பொருள் உண்டு. விண்டோஸ் நிரல்களை லினக்ஸுக்குள் இயங்கவைப்பது அதன் தொழில். அதில் போட்டுப் பார்த்தோம். வியப்பாக, எங்கள் நிரல் இயங்கியது. பெட்டிகள் கொஞ்சம் கோணலாக வந்தன, அச்சுப்பக்கம் சிதைந்தது, ஆனாலும் இயங்கியது. இதோடு விட்டுவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். எனக்கு ஒப்பவில்லை. பழைய கூட்டைப் புதிய கூட்டுக்குள் வைப்பதால் உள்ளிருக்கும் பறவை பறக்கப் போவதில்லை. அந்தக் கோப்பிலிருந்து ஒரு சொல்லை எடுத்து வேறொரு கட்டுரையில் ஒட்டினால் இன்றும் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குப்பைதான் விழுகிறது. இது விண்டோஸிலும் அப்படித்தான் இருந்தது. விண்டோஸ் இருந்தவரை நமக்கு அது உறைக்கவில்லை, அவ்வளவே.

ஏன் அப்படி? பழைய எழுத்துருக்கள் பலவும் ஒரு தந்திரத்தில் நின்றன. ஆங்கில எழுத்துக்குரிய எண்ணைக் கணினிக்குக் கொடுத்துவிட்டு, அந்த இடத்தில் தமிழ் வடிவம் ஒன்றை வரைந்து காட்டுவார்கள். கணினியைப் பொறுத்தவரை உள்ளே இருப்பது ஆங்கிலம். பார்க்கும் கண்ணுக்கு மட்டுமே தமிழ். அதிலும் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே சேமிக்கப்பட்டன. ‘கெ’ என்று அடிக்க வேண்டுமானால் முதலில் ஒற்றைக்கொம்பு, பிறகு ககரம். ‘கொ’ என்றால் கொம்பு, ககரம், கால் என மூன்று துண்டு. 1991இல் வெளிவந்த யுனிகோடு, இன்று நாம் ஒருங்குறி என்று வழங்குவது, இதற்கு மாறானது. அதில் ககரம் முதலில். உயிர்க்குறி அதன் பின்னால். மெய்யைத் தொடர்ந்தே உயிர் ஒலிக்கும் என்னும் தொல்காப்பிய நெறிக்கு ஒத்துப்போகும் வரிசை. ஒருங்குறியின் தமிழ்ப் பகுதி மீது நம்மவர்க்குப் பல குறைகள் உண்டு, எனக்கும் உண்டு. ஆயினும் இந்த ஒன்றில் அது நம் இலக்கணத்தின் பக்கம் நிற்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

ஆகவே மாற்றம் என்பது ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்குப் பொருளை எடுத்து வைப்பது போன்றதன்று. ஒவ்வொரு சொல்லையும் பிரித்து, கொம்பை எடுத்துப் பின்னால் வைத்து, காலைச் சேர்த்துத் திரும்பக் கட்ட வேண்டும். பெரும்பகுதியை நிரல் ஒன்று செய்துவிடும். மிஞ்சுவதுதான் உயிரை வாங்குகிறது. எங்கள் எழுத்துருவில் ‘ஔ’ என்பதற்குத் தனி இடமில்லை. ஒகரத்தை அடித்துப் பக்கத்தில் ளகரத்தை அடித்தார்கள். கண்ணுக்கு வேறுபாடு தெரியவில்லை, தட்டச்சு செய்தவரைக் குறைசொல்ல முடியாது. மாற்றி முடித்துப் பார்த்தால் ‘ஔவை’ என்று தேடுகிறவருக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. அங்கே இருப்பது ‘ஒளவை’. முதல் சொல்லில் ஒரே எழுத்தாக இருப்பது இரண்டாவதில் ஒகரமும் ளகரமுமாகக் கிடக்கிறது. அதியமானின் ஊரில் ஔவையைத் தேடிக் காணவில்லை என்று கணினி சொல்கிறது! மௌனம், பௌர்ணமி, கௌரவம் எல்லாவற்றுக்கும் இதே கதிதான். மௌனியின் கதைகளைப் பற்றிய ஆய்வேடு ஒன்றை இணையத்தில் தேடும் மாணவர், ளகரம் போட்ட ‘மெளனி’யையும் தேடினால்தான் முழுமையாகத் தேடியவராவார். ளகரம் எங்கே எழுத்து, எங்கே குறி என்று நிரலுக்குத் தெரியாது. சொல்லின் பொருள் தெரிந்தவருக்குத்தான் தெரியும்.

தாவரப் பெயர்கள் இதைவிட மோசம். செடிகளின் வட்டாரப் பெயருக்கு எதிரே தாவரவியல் பெயரை ஆங்கில எழுத்தில் இட்டிருந்தார்கள். கோப்பில் எது தமிழாகத் தெரியவேண்டிய ஆங்கிலம், எது உண்மையிலேயே ஆங்கிலம் என்று பிரித்துச் சொல்லும் அடையாளம் இல்லை. பழைய நிரலில் இந்தப் பெட்டிக்கு இந்த எழுத்துரு என்று திரையில்தான் குறித்திருந்தார்கள்; தரவில் குறிக்கவில்லை. சில பதிவுகளில் இரண்டும் ஒரே பெட்டிக்குள். மாற்றி நிரல் இரண்டையும் பேதமின்றித் தமிழாக்கியது. துளசியின் அறிவியல் பெயர் எந்த அகராதியிலும் இல்லாத புதுத் தமிழ்ச் சொல்லாகி வந்து நின்றது.

அகரவரிசையையும் சொல்ல வேண்டும். ஒருங்குறியின் எண்வரிசையில் நகரத்துக்கு அடுத்ததே னகரம், ரகரத்துக்கு அடுத்ததே றகரம். நெடுங்கணக்கில் றகரமும் னகரமும் கடைசியில் வருவன என்பதை ஐந்தாம் வகுப்புப் பிள்ளை சொல்லும். வெறும் எண்ணை வைத்து அடுக்கினால் னகரச் சொற்கள் பகரத்துக்கு முன்னே வந்து உட்காருகின்றன. எப்படி அடுக்குவது என்பதை இயங்குதளத்திடம் விட்டுவிட்டால் விண்டோஸ் ஒரு முடிவு சொல்லும். லினக்ஸில் எந்த மொழி அமைப்பைத் தேர்ந்திருக்கிறோம் என்பதைப் பொறுத்து வேறு முடிவு வரும். ஒரே தொகுப்பு இரண்டு கணினியில் இரண்டு வரிசையில் அச்சாகும். இதற்குத் தீர்வு, வரிசையை நாமே நிரலில் எழுதிக்கொள்வதுதான். பைத்தான் மொழியில் ‘ஓப்பன் தமிழ்’ என்னும் கட்டற்ற நிரல்தொகுதி இருக்கிறது. தமிழ் எழுத்துகளை எழுத்தாகவே பிரித்து எண்ணவும் அடுக்கவும் உதவுவது. அது இல்லாவிட்டால் நாங்கள் இன்னும் முதல் படியிலேயே நின்றிருப்போம்.

சின்னச் சின்ன இடறல்களும் உண்டு. விண்டோஸ், கோப்புப் பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் ஒன்றாகவே கொள்ளும். லினக்ஸ் வேறாகக் கொள்ளும். நடுகல் படங்களில் பாதி இதனால்தான் காணாமல் போயின. பெயரைத் திருத்தியதும் வந்துவிட்டன. ஒருங்குறியிலேயே ‘கொ’வின் ஒகரக் குறியை ஒரே எண்ணாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டு எண்களாகவும் எழுதலாம். மேக் கணினியின் பழைய கோப்பு முறைமை, பெயர்களை இரண்டாவது வகையில் உடைத்து வைக்கும். அங்கிருந்து வந்த கோப்பின் பெயரை இங்கே தேடினால் சிக்கல். எண்ணூறு பேருக்கு ஒருவர்தான் இதில் மாட்டிக்கொள்வார், ஆனால் மாட்டிக்கொண்டவர் பைத்தியமாகிவிடுவார்.

ஏட்டுச்சுவடியைப் பதிப்பித்தவர்களின் முன்னுரைகளைப் படித்தவர்களுக்கு இவையெல்லாம் எங்கோ கேட்ட குரலாக இருக்கும். ஓலையில் புள்ளி இடுவதில்லை. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே கொம்பு. காலும் ரகரமும் ஒரே வடிவம். ஏட்டிலிருந்து அச்சுக்கு வந்தபோது உ.வே. சாமிநாதையரும் சி.வை. தாமோதரம் பிள்ளையும் ஒவ்வொரு சொல்லிலும் நின்று, இது காலா ரகரமா, குறிலா நெடிலா என்று பொருள் நோக்கி முடிவு செய்தார்கள். அன்று காலும் ரகரமும். இன்று ளகரமும் ஔகாரக் குறியும். ஏட்டிலிருந்து அச்சு, அச்சிலிருந்து கணினி, ஒரு குறியேற்றத்திலிருந்து இன்னொன்று என்று தமிழ் வீடு மாறிக்கொண்டே வந்திருக்கிறது. ஒவ்வொரு மாற்றத்திலும் படிப்பறிவுள்ள மனிதர் ஒருவர் வாசலில் நின்று சாமான்களைச் சரிபார்க்க வேண்டியிருந்தது.

அப்படி யாரும் நிற்காதபோது என்ன ஆகும் என்பதற்கு எங்கள் மாவட்டத்திலேயே சான்று இருக்கிறது. தகடூர் யாத்திரை என்றொரு நூல் இருந்தது. சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை முற்றுகையிட்டதையும் அதியமான் வீழ்ந்ததையும் பாடிய நூல். தகடூர்தான் இன்றைய தருமபுரி. அந்த நூல் முழுமையாக இன்று இல்லை. புறத்திரட்டு என்னும் தொகைநூல் எடுத்துவைத்த பாடல்களும் உரையாசிரியர்கள் மேற்கோளாகக் காட்டிய சிலவும் மட்டுமே எஞ்சின. தீயோ கறையானோ வேறெதுவோ, எதுவானாலும் ஏட்டைப் பெயர்த்தெழுதும் சங்கிலி எங்கோ அறுந்தது. யாரோ ஒருவர் மேற்கோள் காட்டிய அளவுக்குத்தான் நம் கைக்கு வந்திருக்கிறது. எங்கள் சொல்லடைவைத் தகடூர் யாத்திரையோடு ஒப்பிடும் துணிச்சல் எனக்கில்லை. ஆனால் அந்தச் சொற்களைச் சொன்ன கிழவர்களில் பலர் இன்று இல்லை. மறுபடி போய்க் கேட்டு எழுதிவர முடியாது.

சிற்றிதழ் வாசகர்களுக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் ஒன்று. 1990களிலும் 2000களிலும் நம் சிற்றிதழ்களும் சிறு பதிப்பகங்களின் நூல்களும் பெரும்பாலும் பேஜ்மேக்கரில் வடிவமைக்கப்பட்டவை. அடோபி நிறுவனம் 2001இல் வெளியிட்ட ஏழாம் பதிப்பே அதன் கடைசிப் பதிப்பு. அது ஒருங்குறி அறியாது. அதன் வாரிசான இன்டிசைன் தமிழை ஒழுங்காகக் கோக்கத் தொடங்கியது 2012வாக்கில்தான். லினக்ஸில் உள்ள கட்டற்ற வடிவமைப்பு மென்பொருளான ஸ்கிரைபஸுக்கு இந்திய எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் திறன் வந்து, அது உறுதியான வெளியீடாகக் கிடைத்தது 2024இல். இடைப்பட்ட ஆண்டுகளில் வடிவமைத்த இதழ்களின் மூலக் கோப்புகள் எத்தனை பேரிடம் திறக்கும் நிலையில் இருக்கின்றன? அச்சுப் பிரதி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, அதைத் திரும்பத் தட்டச்சு செய்ய வேண்டும், அல்லது வருடி எடுத்துப் பிழைதிருத்த வேண்டும். ஒருமுறை கணினியில் ஏறிய தமிழை மறுபடி தாளிலிருந்து ஏற்றுவது என்ன நியாயம்?

அரசு இதை உணரவே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்னும் குறியேற்றங்களும் தமிழ்99 விசைப்பலகையும் தரமாக அறிவிக்கப்பட்டன. 2010இல் கோவை செம்மொழி மாநாட்டின்போது ஒருங்குறியும் டேஸ்16உம் அரசின் தரங்களாயின. இடையில், சி. உமாசங்கர் எல்காட் நிறுவனத்தின் மேலாண் இயக்குநராக இருந்தபோது, 2006ஐ அடுத்த ஆண்டுகளில், அந்நிறுவனத்தின் கணினிகள் சூசே லினக்ஸுக்கு மாறின. பள்ளிகளுக்கும் லினக்ஸ் போயிற்று. அவர் பொறுப்பு மாறியபின் அந்த வேகம் இல்லை. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. என் மாணவர்கள் பலர் கையில் அந்த மடிக்கணினியைப் பார்த்திருக்கிறேன். பாஸ் லினக்ஸைத் திறந்து பார்த்தவர் அதில் மிகச் சிலர். இடம் போதவில்லை என்று அதை அழித்துவிட்டவர்களே அதிகம். அவர்களைக் கடிந்து பயனில்லை. அவர்கள் தட்டச்சகத்தில் கற்றது பழைய தட்டச்சு விசையமைப்பு. ஊர்க் கடைகளில் புழங்கியது தனியார் எழுத்துரு. லினக்ஸில் தமிழ் இருந்தது. அவர்களுடைய பழக்கத்துக்கு அங்கே இடமில்லை. இயங்குதளத்தை வழங்கியவர்கள் அதோடு சேர்த்துப் பழைய கோப்புகளை மாற்றும் கருவியையும் அதைக் கற்றுத்தரும் ஆளையும் வழங்கவில்லை.

கேரளம் இதே ஆண்டுகளில் தன் பள்ளிகளைக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றியது, இன்றுவரை அதிலேயே நிற்கிறது. ஆசிரியர்களுக்குப் பயிற்சி, அதற்கென ஓர் அமைப்பு, பாடத்தையும் தேர்வையும் அந்த மென்பொருளிலேயே நடத்தும் துணிவு, மலையாளக் கணிமைக்காகத் தாமே கூடி உழைத்த தன்னார்வலர்கள் என்று நான்கும் சேர்ந்திருந்தன. எதிர்ப்பக்கச் சான்றும் உண்டு. ஜெர்மனியின் மியூனிக் மாநகராட்சி 2003இல் முடிவெடுத்து, பத்தாண்டுகளில் ஏறத்தாழ 15,000 கணினிகளை லினக்ஸுக்கு மாற்றியது. பின் 2017இல் விண்டோஸுக்கே திரும்ப முடிவு செய்தது. அங்கே அவர்களை வாட்டியவற்றுள் ஒன்று, அலுவலகம்தோறும் விண்டோஸை நம்பி எழுதிவைத்த படிவங்களும் குறுநிரல்களும். இத்தனைக்கும் அவர்கள் மொழிக்கு எழுத்துருச் சிக்கல் இல்லை.

லினக்ஸ் அன்பர்களுக்குக் கசக்கும் ஒன்றையும் சொல்ல வேண்டும். விசுவல் பேசிக் 6இன் உருவாக்கக் கருவிகளுக்கான ஆதரவை மைக்ரோசாப்ட் 2008இல் நிறுத்திவிட்டாலும், அதில் எழுதிய நிரல்கள் விண்டோஸ் 11இலும் இயங்குகின்றன. பழையதைச் சுமப்பதில் விண்டோஸ் பொறுமைசாலி. லினக்ஸ் உலகில் ஸ்கிம் போய் ஐபஸ் வந்தது, பைத்தான் 2 போய் 3 வந்தது, எக்ஸ் போய் வேலண்டு வருகிறது. விசைப்பலகை நிரல் என்பது இயங்குதளத்தின் நரம்பைத் தொட்டு வேலைசெய்வது. நாம் அழுத்தும் விசையை மற்ற மென்பொருள்கள் காணுமுன் பிடித்து மாற்றித் தர வேண்டும். ஒரு மென்பொருள் மற்றொன்றின் விசையை எட்டிப்பார்ப்பதை வேலண்டு பாதுகாப்புக் கருதித் தடுக்கிறது. நல்ல காரணம்தான். ஆனால் அதை நம்பி எழுதியவர் மறுபடி எழுத வேண்டும். மூலநிரல் திறந்திருந்தால் யாரேனும் ஒருவர் எழுதுவார் என்பதே லினக்ஸ் தரும் ஆறுதல். அது சிறிய ஆறுதலும் அன்று.

கீமேன் என்னும் விசைப்பலகை மென்பொருளின் வரலாற்றைப் பாருங்கள். மார்க் டர்டின் என்பவர் 1993இல் லாவோ மொழியைத் தட்டச்சு செய்வதற்காக விண்டோஸில் உருவாக்கியது அது. நம்மில் பலர் முதன்முதலில் ஒருங்குறித் தமிழ் எழுதப் பயன்படுத்திய எ-கலப்பையின் தொடக்கப் பதிப்புகள் அதன்மேல் அமைந்தவை. ஆகவே எ-கலப்பையும் விண்டோஸில் மட்டும் உழுதது. 2015இல் எஸ்.ஐ.எல். நிறுவனம் கீமேனை ஏற்றது. பிறகு அதன் மூலநிரல் திறக்கப்பட்டது. இன்று அது லினக்ஸ், மேக், ஆண்ட்ராய்டு எல்லாவற்றிலும் இயங்குகிறது. இன்னொரு வழி முத்து நெடுமாறனுடையது. மலேசியாவில் 1980களில் தொடங்கிய முரசு அஞ்சலை அவரே தளம் தளமாகச் சுமந்து சென்றார்; மேக்கில் இணைமதி எழுத்துரு, கைப்பேசியில் செல்லினம் என்று ஒவ்வொரு கருவிக்கும் திரும்ப எழுதினார். மூலநிரலைத் திறக்காமலும் இது முடியும் என்பதற்கு அவர் சான்று. ஒரு மனிதர் தம் வாழ்நாளைக் கொடுத்தால் முடியும். எல்லா மென்பொருளுக்கும் அப்படி ஒருவர் வாய்ப்பதில்லை.

தகடூர் கோபியையும் இங்கே சொல்லாமல் விட்டால் எங்கள் ஊர் என்னை மன்னிக்காது. தருமபுரிக்காரர். 2000களில் பழைய குறியேற்றங்களிலிருந்து ஒருங்குறிக்கு மாற்றும் கருவி ஒன்றைச் செய்து அதற்கு அதியமான் என்று பெயரிட்டார். தமிழ் எழுதும் கருவிக்குத் தகடூர் என்று பெயர். இவை உலாவியிலேயே இயங்கியவை. உலாவி இருந்தால் போதும், அடியில் எந்த இயங்குதளம் என்ற கேள்வியே எழாது. சுரதாவின் பொங்குதமிழ் மாற்றியும் அவ்வகையே. நாம் இன்று பெரிய வார்த்தைகளில் பேசும் சிக்கலை, எந்த நிதியும் இன்றித் தனியாட்கள் தம் ஓய்வு நேரத்தில் அன்றே பாதி தீர்த்திருந்தார்கள். கோபி 2018 ஜனவரியில் இளம் வயதிலேயே காலமானார். எங்கள் மாவட்டத்தில் அவர் பெயரை அறிந்த தமிழாசிரியர்கள் எத்தனை பேர் என்று எண்ண எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

மதுரைத் திட்டமும் நல்ல சான்று. 1998 பொங்கலன்று கு. கல்யாணசுந்தரமும் குமார் மல்லிகார்ஜுனனும் தொடங்கியது. தொடக்கத்தில் டிஸ்கி போன்ற குறியேற்றங்களில் வந்த அதன் மின்னூல்கள் பின்னர் ஒருங்குறிக்கு மாறின. சிக்கலின்றி மாற முடிந்ததற்கு முக்கியக் காரணம், டிஸ்கி எந்த நிறுவனத்தின் இரகசியமும் அன்று; தமிழார்வலர்கள் கூடி விவாதித்து, எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்ற அட்டவணையை வெளிப்படையாக வைத்திருந்தார்கள். எங்கள் எழுத்துருவுக்கு அப்படி ஓர் அட்டவணை கிடைக்கவில்லை. செய்த நிறுவனம் இப்போது இல்லை. பெங்களூரில் பணிபுரியும் பழைய மாணவர் ஒருவர் வார இறுதிகளில் வந்து, எழுத்துருவின் இடங்கள் ஒவ்வொன்றையும் தாளில் அச்சிட்டு, எதிரே என்ன எழுத்து என்று எங்களைக் கேட்டுக் கேட்டு அட்டவணை கட்டினார். கல்வெட்டு படிப்பதற்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இல்லை.

ஆகவே நான் கேட்பது இது. பல்கலைக்கழக நல்கையிலோ அரசின் நிதியிலோ உருவாகும் எந்தத் தமிழ் மென்பொருளும் மூலநிரலோடு ஒரு பொது இடத்தில் ஒப்படைக்கப்பட வேண்டும். தமிழ் இணையக் கல்விக்கழகம் அதற்குத் தகுந்த இடம். ஆய்வேட்டின் படியை நூலகத்தில் வைக்காமல் பட்டம் தருகிறோமா? மென்பொருளுக்கு மட்டும் ஏன் விலக்கு? ஆய்வேடுகளையும் பார்க்க வேண்டும். பல்கலைக்கழக மானியக்குழு விதிமுறைகளால் முனைவர் பட்ட ஆய்வேடுகள் மின்வடிவில் சோத்கங்காவில் சேர்கின்றன. நல்ல ஏற்பாடு. ஆனால் பழைய எழுத்துருவில் அடித்த தமிழ் ஆய்வேட்டின் பிடிஎப் கோப்பில் ஒரு சொல்லைக்கூடத் தேட முடியாது. திரையில் தமிழ், உள்ளே குப்பை. ஒருங்குறியில் இல்லாத தமிழ் ஆய்வேட்டை ஏற்பதில்லை என்று ஒரே ஒரு வரி விதி போதும். தட்டச்சகங்கள் ஒரு பருவத்துக்குள் மாறிவிடும். வேலை போகும் என்றால் மாறாமல் என்ன செய்யும்?

ஒருங்குறியை விடச் சிறந்த குறியேற்றம் தமிழுக்குச் சாத்தியம், டேஸ் அதற்குச் சான்று என்று வாதிடும் நண்பர்கள் உண்டு. வாதம் சரியாகவே இருக்கலாம். கைப்பேசி முதல் வங்கி இயந்திரம் வரை உலகத்துக் கருவிகள் பேசும் குறியேற்றம் ஒருங்குறி. அந்தப் பூசலில் இன்னொரு பத்தாண்டைக் கழித்தால் பழைய கோப்புகளைத் திறந்து படிக்கத் தெரிந்தவர்களே ஓய்வுபெற்றுப் போயிருப்பார்கள்.

எங்கள் தொகுப்பில் பென்னாகரம், பாலக்கோடு பகுதிச் சொற்கள் இப்போது ஒருங்குறியில், எந்தக் கணினியிலும் திறக்கும் வெறும் உரைக்கோப்பாக இருக்கின்றன. தேடும் நிரல் சிறியது, பைத்தானில் புதிதாக எழுதியது. விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடுகிறது. அரூர்ப் பகுதியும் தாவரப் பெயர்களும் மிச்சம். இரண்டாமாண்டு மாணவியர் நால்வர் மாலையில் ஒரு மணிநேரம் இருந்து ளகரங்களைப் பார்த்து வருகிறார்கள். பிற கல்லூரித் தமிழ்த்துறைகளிலும் இப்படிப்பட்ட பழைய குறுவட்டுகள் அலமாரியில் கிடக்கும். அவற்றை இப்போது மாற்ற நேரமில்லாவிட்டாலும், எந்த எழுத்துருவில் அடித்தது என்று உறையின் மேல் எழுதி, அந்த எழுத்துருக் கோப்பின் படியொன்றையும் கூடவே வைத்துவிடுங்கள். அதுவும் தெரியாமல் போனால், அட்டவணை கட்டுவதற்கு எங்களுக்கு ஆன ஏழு வார இறுதிகள் உங்களுக்கும் ஆகும்.